சாவி கொடுத்த வீடு

"நீங்க உள்ள போயி நல்லாச் சுத்திப் பாருங்க தாயி. நான் இந்த வேப்ப மரத்தடியிலயே நிக்கிறேன்."

கேமராவை எடுத்துக்கொண்டிருந்த ரோஷினி திரும்பி இருளப்பசாமியைப் பார்த்தாள்.

"என்னங்கய்யா இது? விடியுமுன்னயே போன் பண்ணி என்னை மதுரையில இருந்து வரவச்சீங்க. இப்ப நீங்க வாசல்லயே நின்னா எப்படி?"

"அது எங்க கம்பெனி வழக்கம். வீட்டக் கட்டி முடிச்சு சாவியக் கையில குடுத்துட்டா, அப்புறம் கட்டுனவுக வம்சத்துல யாரும் அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

ரோஷினிக்குப் புல்லரித்தது. அருஞ்சுனை அண்ட் சன்ஸ்! நூறு வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வரைபடம் போட்டு, இந்தச் சீமை முழுக்கப் பங்களாவும் பள்ளிக்கூடமும் பஞ்சாலையும் எழுப்பிய கம்பெனி. கட்டடக்கலை படிக்கும் அவள் அதன் வரலாற்றைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அருஞ்சுனையின் பேரன்தான் இருளப்பசாமி. ஆனால் இப்படி ஒரு வழக்கத்தை அவர் இதுவரை சொன்னதேயில்லை.

கம்பெனி கட்டியதில் இடியாமல் மிஞ்சியது திருச்சுழிப் பக்கத்து இந்த வீடு ஒன்றுதான். அதையும் விற்றாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் நாளை குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார்கள். திங்கட்கிழமை இடிக்க ஜேசிபி வருகிறது.

"ஒரு மூலை விடாம எடுத்துருங்க தாயி. நாளைக்கப்புறம் கண்ணால பாக்க முடியாது."

"கவலைப்படாதீங்கய்யா. அடுப்படி வரைக்கும் எடுத்துட்டு வர்றேன்."

"ஆமா, அடுப்படிய மறந்துராதீக."

உள்ளே கூடம் முழுக்கப் பெட்டிகள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"போட்டோ எடுக்க வந்தவுகளா? எங்க வீட்டுக்காரரு சொன்னாக. சாமான் கட்டுறதுல வீடே சந்தையாக் கெடக்கு. இதுல எடுக்க என்ன இருக்கு?"

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க! மழை கம்மியான ஊருன்னு, சுவருக்குள்ளயே குழாய் வச்சு மாடியில விழுற மழைத் தண்ணியக் கிணத்துக்கு இறக்கியிருக்காரு அருஞ்சுனை. அவரு பேரன்தான் எனக்கு எல்லாம் சொன்னாரு. வெளிய நிக்கிறாரு."

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"உள்ள வரலயாமா?"

"சாவி கொடுத்த வீட்டுக்குள்ள வரக்கூடாதாம். கம்பெனி வழக்கமாம்."

"அப்படியா சொன்னாக?" அவள் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

ரோஷினி கூடத்துத் தேக்குத் தூணுக்குக் கேமராவைக் குறி வைத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? தூண் மறையுது."

அவள் தள்ளிக்கொள்ளவில்லை. முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்து, நெற்றி முடியை ஒதுக்கி, கேமரா பக்கம் திருப்பினாள்.

"நேராப் பாரு கண்ணு. நல்லாச் சிரி."

போட்டோ ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரோஷினி ஒன்று எடுத்தாள். பிறகு முற்றம், மாடி, கிணறு, அடுப்படி எல்லாவற்றையும் எடுத்து முடித்து வெளியே வந்தாள். வேப்ப மரத்து நிழல் நகர்ந்து போயிருந்தது. இருளப்பசாமி நகராமல் வெயிலில் நின்றிருந்தார்.

"குடுங்க தாயி, பாப்போம்."

கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். வாசல் வளைவு, மாடிப்படி, கலர் கண்ணாடி ஜன்னல். தாத்தாவின் வேலை எதிலும் அவர் கண் தங்கவில்லை. ஒரு படத்தில் விரல் நின்றது.

"இது ஒண்ண மட்டும் எனக்குப் பிரிண்டு போட்டுக் குடுங்க."

"ஐயோ, அது வேணாங்கய்யா. தூணே தெரியல. அந்த அக்கா குழந்தையோட குறுக்க வந்து நின்னுட்டாங்க."

"அவளாவா வந்து நின்னா?"

"ஆமாங்கய்யா. நீங்க வெளிய நிக்கிறீங்கன்னு சொன்னேன். அப்புறம் தள்ளிக்கச் சொன்னாலும் கேக்கல."

அவர் தோள் துண்டால் முதலில் கேமராவின் திரையைத் துடைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தலைமுழுகுன மக தாயி இது," என்றார் இருளப்பசாமி. "பேத்திய இன்னைக்குத்தான் பாக்குறேன்."