தோமே சொன்ன வருடம்

மாமியார் தோமே தப்பாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று கினுயோ காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள்.

நகராட்சியிலிருந்து நிஷிவாகி வந்திருந்தார். தொண்ணூறைத் தாண்டிய தோமேவுக்கு நினைவு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பார். மோசம் என்று அவர் எழுதினால்தான் முதியோர் இல்லத்தில் இடம்.

ராத்திரியானால் தோமே தெருவில் இறங்கி நடந்துவிடுவாள். பின்னாலேயே கினுயோ வெறுங்காலோடு ஓட வேண்டும். அவளுக்கும் அறுபது தாண்டியாயிற்று.

ஆனால் வெளி ஆள் வந்துவிட்டால் மாமியாருக்கு எங்கிருந்தோ தெளிவு வந்துவிடும். போன வருடம் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று நிஷிவாகிக்கே சொன்னாள். நன்றாக இருக்கிறார் என்று அவர் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"அம்மா, இது என்ன வருஷம்?" என்று இன்று ஆரம்பித்தார் நிஷிவாகி.

கினுயோ தலை குனிந்துகொண்டாள். ஜப்பானில் பேரரசர் மாறினால் வருடத்தின் பெயரும் மாறும். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. போன மாதம்தான் புதுப் பேரரசர் வந்து ‘ரேய்வா’ பிறந்தது. டிவியில் வேறு பேச்சே இல்லை.

"ஷோவா," என்றாள் தோமே.

அது முடிந்து முப்பது வருடம். நடுவில் இன்னொரு பேரரசர் காலமே வந்து போய்விட்டது.

"ஷோவா எத்தனைம்மா?"

"அதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். குளிச்சிட்டிருக்கார். வந்ததும் கேளுங்க."

அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. நிஷிவாகி எழுதிக்கொண்டார். கினுயோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவரை வாசல்வரை போய் வணங்கி அனுப்பிவிட்டுத் திரும்பினாள். தோமே ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ரேய்வான்னா அழகான இணக்கம்னு அர்த்தமாம். பிளம் பூத்தப்போ நடந்த ஒரு விருந்தைப் பத்தி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே பாட்டுப் புத்தகத்துல எழுதி வச்சிருக்காங்களாம். அதிலேர்ந்துதான் எடுத்தாங்களாம்."

கினுயோ அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை... உங்களுக்கு எல்லாம் தெரியுதா?"

"பகல்ல தெரியுது. ராத்திரி நான் என்ன பண்றேன்னு, காலையில உன் காலைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்."

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தடவை என்னைச் சேர்த்துக்குவாங்கல்ல? நீ போய்ப் படு, கினுயோ."