மணியடித்த அறை

சோதனை அறையின் இரும்புக் கதவு பொறியாளரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். சுவரெங்கும் ஒட்டியிருந்த கறுப்புப் பஞ்சு அவர் கூச்சலைத் தின்று ஏப்பம் விட்டது.

சட்டைப்பையில் கைப்பேசி மணியடித்தது. வழக்கமாக அதை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைவார். வேலைதான் முடிந்துவிட்டதே என்று இன்று மறந்திருந்தார்.

“எங்கங்க இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“சோதனை அறையில மாட்டிக்கிட்டேன். கதவு திறக்க மாட்டேங்குது.”

“ஐயையோ! இருங்க, உங்க டைரக்டருக்குப் போன் போடுறேன்.”

“வேண்டாம்! நீ கூப்பிட்டதா யார்கிட்டயும் மூச்சு விடாதே!”

“பிரபஞ்சம் கண்ணு முழிச்ச காலத்து முனகலைக் கேக்க நிலாவுக்கே ஆன்டெனா அனுப்பின மனுஷன், கதவைத் திறக்கச் சொல்லக் கூச்சப்படலாமா?”

“கூச்சம் இல்லடி...” அவர் குரலைத் தாழ்த்தினார். “இந்த அறைக்குள்ள போன் மணியே அடிக்கக் கூடாது.”

வெளியிலிருந்து ஒரு சிறு ரேடியோ அலைகூட உள்ளே வராது என்று அவரே கட்டி, அவரே கையெழுத்துப் போட்ட அறை அது. அந்த அமைதியை நம்பி அதற்குள் சோதித்த ஆன்டெனா, பூமியின் இரைச்சல் எட்டாத நிலாவின் மறுபக்கத்துக்கு நேற்றுத்தான் கிளம்பிப் போயிருந்தது.

அவர் கைப்பேசியை அணைத்துவிட்டு, மறுபடியும் கதவைத் தட்டத் தொடங்கினார்.