முன்பல்லில் வெள்ளைப் புள்ளி

"வாயைத் தொற அனு. எல்லாரும் பாக்கட்டும், உங்க பெரிம்மா வளத்த லட்சணத்த."

ஆழ்வார்பேட்டை பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

எட்டு வயசு அனு உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கத்தினவள் ரோஸி, அனுவைப் பெற்றவள். குவைத்தில் வீட்டு வேலை. லீவில் நேற்றுதான் வந்து இறங்கினாள். ஏர்போர்ட்டில் மகள் சிரித்தபோது முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அப்போது ஆரம்பித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள் அக்கா லூர்து. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். அனு அவளிடம்தான் வளர்கிறாள்.

"டெய்லி வீடியோ கால்ல பாத்தியே, அப்ப தெர்லியா?" என்றாள் லூர்து.

"போன்ல எல்லாமே வெள்ளையாத்தான் தெரியுது. இன்னா குடுத்த இதுக்கு? அழுதா மிட்டாய், அடம் புடிச்சா ஐஸு."

"மிட்டாய் துன்னாத புள்ள எங்கடி கீது?"

"பாத்தியா, ஒத்துக்கினா. அங்க ஊரான் வூட்டுப் புள்ளைக்கு நான் பல்லு வெளக்கி வுட்டுக்கினு கீறேன். எம்புள்ள பல்லைப் பாக்க ஆளில்ல. இனிமே ஒன்னாண்ட வுட மாட்டேன். ஜூன்ல ஹாஸ்டல்ல சேத்துட்டுத்தான் பிளைட்டு ஏறுவேன்."

லூர்து அனுவின் முதுகில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஜோயா விளக்கை இழுத்து வைத்து நன்றாகப் பார்த்தார்.

"சொத்தை இல்லைம்மா. மிட்டாயால வர்ற வெள்ளை ஈறோரமா வரும். இது வேற. இந்தப் பல்லு வெளிய வந்தது ஆறேழு வயசுல. உருவானது சின்னக் குழந்தையா இருக்கும்போதே, ஈறுக்குள்ள. புள்ளி அப்பவே விழுந்தாச்சு."

"அப்பவேவா?" என்றாள் ரோஸி.

"ஒண்ணு, ரெண்டு வயசுல பெரிய காய்ச்சல் எதாவது வந்துச்சா? போர் தண்ணி குடிச்சாளா?"

"இல்ல டாக்டரம்மா," என்றாள் லூர்து.

"பேஸ்ட் முழுங்குவாளா?"

ரோஸி அக்காவைப் பார்த்தாள்.

"அந்த வயசுல ஒரு அரிசி அளவுதான் வைக்கணும். இப்பகூடப் பட்டாணி அளவு போதும், துப்பிடணும். விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் நிறைய வெச்சா, இனிக்குதுன்னு குழந்தை முழுங்கிடும். அதுல இருக்கற ஃபுளோரைடு பல்லுக்கு நல்லதுதான். ஆனா தினம் அவ்வளவு வயித்துக்குள்ள போனா, உருவாகற பல்லுல இப்படித் திட்டு விழும். அப்ப யாரு பல் தேய்ச்சு விட்டது?"

ரோஸி வாயைத் திறந்தாள்.

"நாந்தான்," என்றாள் லூர்து. "ஸ்ட்ராபெரி பேஸ்ட்டு. பிரஷ்ஷு நெறைய வெப்பேன். நக்கித் துன்னும். அழகா கீதேன்னு சிரிச்சிக்கினு நிப்பேன்."

டாக்டருக்கே கோபம் வந்துவிட்டது. "டியூப்லயே எழுதியிருக்கும்மா. ஒருத்தரும் படிக்கறதில்லை. ஆயுசுக்கும் சிரிக்க வேண்டிய பல்லு. பெரியவளானதும் பாலிஷ் பண்ணி மறைச்சுக்கலாம், ஆனா இவ்வளவு அலட்சியம் கூடாது."

"தப்புதான் டாக்டரம்மா."

அனு பெரியம்மாவை முறைத்தாள். செருப்பு போடும்போது லூர்து நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

வாசல் படியில் ரோஸி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாத்துக்குக்கா பொய் சொன்ன? இவள ஸ்கூல்ல சேத்துட்டுத்தானே நான் குவைத்து போனேன். அதுவரைக்கும் எங்கிட்டதானே இருந்தா? அந்தப் பேஸ்ட்ட வாங்கினு வந்து பிரஷ்ஷு நெறைய வெச்சவ நாந்தானே?"

லூர்து கையை உதறிக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுடி, பின்னாலயே வரா. எம்மேல கோச்சிக்கினா ராத்திரி சோத்துக்குள்ள சரியாப்பூடும். நீ தூரத்துல கீறவ."