வரப்புக் கணக்கு

"பொன்னழகு வயலு முச்சூடும் முங்கிருச்சு. நடு வரப்பு ரெண்டு எடத்துல ஒடைஞ்சு கெடக்கு. தெக்க ஒரு தென்னமரம் குறுக்க விழுந்திருக்கு. இப்பச் சொல்லு பாப்போம், நம்ம மேட்டுக்காட்டுக்கு நான் எப்படிப் போய்ச் சேர?"

பெருமாள்சாமி தரையில் கரிக்கட்டையால் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்திருந்தார். ஒரு கட்டம் ஒரு வயல். ஒரு கோடு ஒரு வரப்பு. உடைப்பு இருந்த இடங்களில் புளியங்கொட்டை. போன வழியில் திரும்பி வரக் கூடாது என்பது விளையாட்டின் சட்டம். விடியலில் வயலைச் சுற்றிவிட்டு வந்ததும் தினமும் மனைவியோடு இதில் ஒரு ஆட்டம் ஆடியாக வேண்டும் அவருக்கு.

ஜக்கம்மாள் மோவாயில் கை வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"கிழக்க மூணு வரப்பு. வடக்க ஒண்ணு. மறுபடி கிழக்க ரெண்டு. தெக்க எறங்குனா மேடு."

"அடி ஆத்தி! அது ஒத்தையடி வரப்பாச்சே?"

"ஒத்தையடின்னா என்ன? நீங்க என்ன யானையா?"

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒன்னையக் கலெக்டராக்கியிருக்கணும் புள்ள. மதுரை ஜில்லாவுக்கே ரோடு போட்டிருப்ப."

கூழைக் குடித்தார். "செத்த நேரம் கண்ணசந்துக்கிறேன்" என்று சுவரோரம் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை அது. சேவுகம்பட்டிக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தது. சுடுகாடோ மேட்டுக்காட்டை ஒட்டி இருந்தது. வயல் வழியாகத்தான் போயாக வேண்டும். பாடையைத் தூக்கிவிட்டால் நடுவில் இறக்கக் கூடாது; வந்த வழியே திரும்பவும் கூடாது. வழி பார்க்கப் போன இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"பேசாம ரெண்டு நாள் பொறுப்போம். தண்ணி வடியட்டும்" என்றது ஒரு குரல்.

மூலையில், பெண்களுக்கு நடுவே இருந்த ஜக்கம்மாள் நிமிர்ந்தாள். இரண்டு நாளா? தூக்குகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டா அவரைத் தூக்கிப் போக வேண்டும்?

"மூக்கையா தம்பி, இங்க வாங்க. வழி நான் சொல்லுறேன்."

பாடையின் முன்கொம்பு பிடிக்க வேண்டிய பங்காளி மூக்கையா சங்கடத்தோடு வந்து நின்றான். "மதினி, வயக்காட்டுச் சங்கதி ஒங்களுக்கு என்ன தெரியும்? துக்கத்துல இருக்கீக. விடுங்க."

"தூக்குறது எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"அப்ப ஒத்தையடி வரப்பு ஆகாது." காலையில் சொன்ன வழி ஒரே ஓர் ஆளுக்கானது. அவள் கண்ணை மூடினாள். விரல் மட்டும் சேலை மேல் ஊர்ந்தது.

"கிழக்க ரெண்டு வரப்பு போங்க. கெணத்துமேட்டுல திரும்ப எடம் இருக்கு, வடக்க திரும்புங்க. வடக்க ரெண்டு. பெறகு கிழக்க மூணு, அம்புட்டும் அகல வரப்பு. கடைசியில களம் வரும். அங்கன தெக்க திரும்புனா நேரா மேடுதான்."

மூக்கையா அவளையே பார்த்தான். பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டான்.

பெண்கள் தெருமுனை வரை அழுதுகொண்டு போனார்கள். ஜக்கம்மாள் இருந்த இடத்திலேயே இருந்து கொட்டுச் சத்தத்தைக் கேட்டாள். சத்தம் கிழக்கே போயிற்று. வடக்கே திரும்பிற்று. மறுபடி கிழக்கு. களத்தருகே ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது. பிறகு தெற்கே இறங்கிற்று.

பொழுது சாய, தலை ஈரத்தோடு வந்த மூக்கையா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு எடத்துலயும் நிக்கல மதினி. ஒருத்தன் பயிரும் மிதிபடல. கெணத்துமேடு, களம், எல்லாம் நீங்க சொன்ன எடத்துல சொன்னபடி இருந்துச்சு." அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அண்ணன் தானே நடந்து போன மாதிரி போயிட்டாரு."



ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப்போன ஜக்கம்மாளை, தாலி கட்டிய அன்று பெருமாள்சாமி வண்டியிலிருந்து தூக்கி வந்து இந்த வீட்டுக்குள் இறக்கினார். அந்த வயல்களை அவள் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.