தலையணையில் லாவெண்டர்

மாமியாரின் தலையணையில் தூக்கம் வரவைக்கும் லாவெண்டர் எண்ணெயைச் சொட்டு விடும்போதெல்லாம் மருமகளுக்கு மனசு உறுத்தும். அவர் சீக்கிரம் தூங்கினால்தான் புருஷனோடு நிம்மதியாக நாலு வார்த்தை பேச முடியும்.

"ஆஹா, என்ன வாசனை! கண்ணு சொக்குதும்மா" என்பார் மாமியார். அடுத்த நிமிடமே குறட்டை கேட்கும்.

இன்று புட்டி காலி. சும்மா கவிழ்த்துக் காட்டினாள்.

"ஆஹா, என்ன வாசனை!"

மருமகளுக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சிடுங்க அத்தை, உங்களைத் தூங்க வைக்கத்தான் தினமும் ஊத்தினேன். இன்னிக்கு அதுவும் இல்ல."

"தெரியும்மா. போன வருஷம் காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசணும்னா நான் குறட்டை விட்டுத்தானே ஆகணும்? போ, அவன் காத்திருப்பான்."

குறட்டை தொடங்கியது. மருமகளுக்குத்தான் அறையை விட்டுப் போகக் கால் வரவில்லை.