ஹால்வர் விழுங்கிய மாத்திரை

ஹால்வருக்கு வெட்கமே கிடையாது என்று யோருன் முடிவு கட்டிவிட்டாள்.

மீன் ஆலையின் காபி இடைவேளையில் தினமும் அதே கூத்துதான். எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, அந்தக் கிழவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுப்பார். மேசைக்கே கேட்கிற மாதிரி ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்வார்.

"மனச்சோர்வு மாத்திரை. சூரியன் போயிட்டா என் மனசும் படுத்துக்குது. டாக்டர் குடுத்தார்."

ஒரு வாய் காபியோடு உள்ளே போகும். பிறகு ஏதோ பல் துலக்கியதைப் போல, கால்பந்து பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

வடக்கு நார்வேயில் நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் ஜனவரியில்தான் திரும்பும். இருட்டு யாருக்குத்தான் இல்லை? நம் அப்பா, தாத்தா எல்லாம் மாத்திரை தின்றா கடலுக்குப் போனார்கள்? யோருன் இதைச் சூப்பர்வைசர் ஐவினிடமே போய்ச் சொன்னாள். சாப்பிடுகிற இடத்தில் இந்த நோய்ப் புராணம் வேண்டாம், நிறுத்தச் சொல்லு என்றாள்.

ஐவின் சின்னப் பையன். தயங்கித் தயங்கிப் போய் ஹால்வரோடு அரை மணி நேரம் பேசினான். திரும்பி வந்தவனிடம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"டாக்டர் பேரைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

யோருனுக்கு எரிச்சலாக வந்தது. அந்த மாதம் அவளுக்கு எல்லாமே எரிச்சல்தான். மகள் போன் செய்தால் எடுப்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்துவிடுவாள். சமைக்கத் தோன்றாது, தூங்கினாலும் தீராது. மீனைக் கீறும்போது கண்ணில் நீர் வழியும். உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்பாள்.

ஒரு நாள் காலை ஆலை வாசலில் காரை நிறுத்தினாள். கதவைத் திறக்கக் கை எழவில்லை. சங்கு ஊதியது, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஹால்வர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அவள் இறங்கும்வரை.

அன்று இடைவேளையில், மற்றவர்கள் எழுந்து போனபின் யோருன் கேட்டாள்.

"அதைச் சாப்பிட்டா குண்டாயிடுவாங்களாமே?"

"தெரியலம்மா. நான் முன்னாடியே குண்டு."

"எனக்காகக் கேக்கல. எங்க அக்காவுக்கு."

யோருனுக்கு அக்கா கிடையாது. அது ஆலை முழுக்கத் தெரியும்.

"அக்காகிட்ட சொல்லு" என்றார் ஹால்வர், முகம் மாறாமல். "ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் தெரியாது. பொறுத்துக்கணும். முதல்ல கொஞ்சம் வயித்தைப் புரட்டும். நல்லாயிட்டோம்னு தானா நிறுத்திடக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும். அக்காவை நான் விசாரிச்சதாவும் சொல்லு."

அந்த வாரமே அக்கா டாக்டரிடம் போனாள்.

டாக்டர் நிதானமாகக் கேட்டுவிட்டு மாத்திரை எழுதினார். காலையில் முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ள ஒரு வெளிச்ச விளக்கும் சொன்னார். முதல் வாரம் குமட்டல், அடுத்த வாரம் ஓயாத கொட்டாவி. ஹால்வரை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். பிறகொரு நாள், கிழிந்த கையுறையைத் தந்ததற்காக ஐவினைக் கிழி கிழியென்று கிழித்தாள். அவன் வாங்கிக்கட்டிக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது, சண்டை போடத் தெம்பு வந்திருக்கிறது. சாயங்காலம் மகளுக்கு அவளே போன் செய்தாள்.

ஜனவரியில் அந்த மேசையைப் பார்க்க வேண்டுமே. பாதிப் பேர் கையில் மாத்திரை அட்டை. உனக்கு வாய் உலருதா, எனக்குக் கனவா வருது என்று, வண்டிக்குப் பனியில் வழுக்காத குளிர்கால டயர் வாங்கியவர்கள் மாதிரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியக் கூடாதென்று பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குக் காரோட்டிப் போன ஆலை லாரி டிரைவர்கூட அட்டையை மேசைமேல் போட்டுவிட்டார்.

சூரியன் திரும்பிய நாளில் ஊர் வழக்கப்படி எல்லோரும் ஜாம் பன்னுக்காக பேக்கரி வாசலில் வரிசையில் நின்றார்கள். யோருனுக்கு முன்னால் நின்றவள் ஹால்வரின் மனைவி தூர்திஸ். சாயங்காலம் அவரை அழைத்துப்போகக் காரில் வருவாள். பேசிப் பழக்கமில்லை.

உங்கள் வீட்டுக்காரர் தைரியமாகச் சொன்னதால்தான் எங்களில் பல பேர் பிழைத்தோம் என்றாள் யோருன். இந்தக் குளிர்காலம் மாத்திரை அவருக்கு நன்றாகக் கேட்டதா என்றும் விசாரித்தாள்.

தூர்திஸ் சிரித்துவிட்டாள்.

"அவருக்கு ஏதும்மா மனச்சோர்வு? இருட்டுன்னா அவர் இன்னும் நல்லாத் தூங்குவார். அது கால் கட்டைவிரல் வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரை. மனசுக்கு வருஷாவருஷம் மாத்திரை சாப்பிடறவ நான். என் பேரை வெளியில இழுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அதனால தன் தலையிலேயே போட்டுக்கிட்டார்."

"எதுக்கு?"

"ஆலையில அவர்கூட மீன் கீறுற ஒருத்தி, நான் அந்தக் காலத்துல இருந்த மாதிரியே வாடிப்போயிட்டாளாம். நேரா கேட்டா மீன் கத்தியோட திரும்புவாளாம். அவ காதுல விழட்டும்னுதான் தினமும் அந்தச் சத்தம்." தூர்திஸ் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், அவ இப்போ எப்படியிருக்கா? உனக்குத் தெரியுமா?"

"தேவலை" என்றாள் யோருன். "பன் வாங்க வந்திருக்கா."