குலவை வரும் இடம்

"எனக்கு ஒரு பாட்டுப் போதும் தாயி. ஆனா அதுல குலவை வர்ற எடத்துல மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

பாண்டியம்மாள் சொன்னதைக் கேட்டதும், செல்போனில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த தேவிப்பிரியாவின் விரல் அப்படியே நின்றது.

வேலம்பாளையத்தில் அந்தப் பனியன் கம்பெனியின் பெண்கள் பதிமூன்று பேர், வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கொடைக்கானல் போகிறார்கள். சூப்பர்வைசர் இல்லை, வீட்டு ஆண்கள் இல்லை, வழியெல்லாம் பாட்டு. ஆளுக்கு இரண்டு பாட்டு. எல்லாரும் கூடச் சேர்ந்து பாடுகிற மாதிரி இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு தேவிப்பிரியா. டீ நேரத்தில் ஒவ்வொரு மிஷினாகப் போய்க் கேட்டவள், பிசிறு வெட்டுகிற பாண்டியம்மாளிடம் கடைசியாகத்தான் வந்தாள். எந்தப் பாட்டுக்கும் உதடு அசைக்காதவளிடம் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறோம் என்ற நினைப்பு.

"அதெப்படிங்கக்கா?" பக்கத்து மேசையிலிருந்து அன்புசெல்வி குரல் கொடுத்தாள். "பாடறதுக்குன்னே எடுக்கற பாட்டுல வாய மூடிட்டு உக்காரோணுமா? உங்கூர்ல பாட்டுக்கும் நூத்தி நாப்பத்தி நாலு போடுவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை.

அவள் கேட்டது முளைப்பாரிப் பாட்டு. படம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாட்டு மட்டும் கம்பெனி ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் கொட்டுச் சத்தம் சட்டென்று நிற்கும். ஒரு நொடி அமைதி. ஒற்றைப் பெண் குரலில் ஒரு குலவை. பிறகு மறுபடியும் கொட்டு அதிரும். அந்த இடம் வந்தால் போதும், நாற்பது மிஷின்களுக்கு நடுவே எல்லாரும் 'ஊ'வென்று கத்துவார்கள். குலவை யாருக்கும் வராது. கத்த வரும்.

"நாங்க கத்தறதே அந்த எடத்துக்குத்தானுங்க" என்றாள் தேவிப்பிரியா. "அங்க சும்மா இருங்கன்னா எப்படிங்கக்கா?"

"எனக்கு ரெண்டு பாட்டு உண்டுல்ல?" பாண்டியம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். "ரெண்டாவது எனக்கு வேணாம். அதுக்குப் பதிலா இதக் கேக்கேன். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும்."

"அதுல அப்படி என்னதான் இருக்குதுங்?"

"மூணு வருசமா இங்க ஓடுது. ஒருத்தியாச்சும் அதக் கேட்டிருக்கீகளா? கத்தித்தான இருக்கீக. ஒரே ஒரு தடவ கேளுங்க. அப்புறம் ஆயுசுக்கும் கத்துங்க."

"பன்னண்டு வருசமா ஒரு பாட்டும் பாடாத ஆளு, இப்ப எங்களையும் ஊமையாக்கப் பாக்கறீங்க!" என்றாள் அன்புசெல்வி.

சாயங்காலம் வீட்டில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் பட்டியலில் சேர்த்தாள் தேவிப்பிரியா. கொட்டு நின்றது. குலவை எழுந்தது. நீளமாக, எங்கும் உடையாமல், மேலே மேலே ஏறி, இறங்காமலே நின்றது. மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் மிஷின் ஓடுவதற்கு முன்பே அறிவித்துவிட்டாள். "அக்கா சொன்னது நாயமுங்க. அந்த எடத்துல எவ வாயத் தொறந்தாலும் அவளோட ரெண்டு பாட்டும் கட்!"

ஞாயிற்றுக்கிழமை. வேனில் இருந்த செட் பழுது. பிரியங்கா கொண்டுவந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து விடியற்காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. தாராபுரம் வருவதற்குள் அன்புசெல்விக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்படியும் விடவில்லை. ஊர் தாண்டி வயல்கள் தொடங்கியபோது முளைப்பாரிப் பாட்டு வந்தது.

கடைசி இருக்கையில் சாய்ந்திருந்த பாண்டியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முன்னால் இருந்த தேவிப்பிரியா, நேரம் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கொட்டு நின்றது. பன்னிரண்டு வாய்களும் மூடிக்கொண்டன. டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அமைதி கொஞ்சம் கூடுதலாகவே நீண்டதுபோல் தேவிப்பிரியாவுக்குத் தோன்றியது.

பிறகு வந்தது குலவை.

வீட்டில் கேட்ட அதே குலவை. ஓர் இழை பிசகவில்லை. வேனின் கூரைவரை நிறைந்து, ஜன்னல் வழியாக வயலில் இறங்கியது. டிரைவர் தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்தார்.

"ஆத்தாடி! இதையா நாம கத்திக் கத்திக் கெடுத்துட்டு இருந்தோம்?" கட்டிய தொண்டையோடு கேட்டாள் அன்புசெல்வி. "யாருங்க அந்தப் பொம்பள? கையெடுத்துக் கும்புடோணும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்தும் கொட்டுச் சத்தம் திரும்ப வரவில்லை.

தேவிப்பிரியா ஸ்பீக்கரை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் தீர்ந்து விளக்கு அணைந்திருந்தது. செல்போனைப் பார்த்தாள். பாட்டு, குலவைக்கு முந்தின நொடியிலேயே நின்றிருந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். கடைசி இருக்கையில் பாண்டியம்மாள் வாயை மறைத்திருந்த கையை அப்போதுதான் இறக்கினாள்.

"அந்த எடம் வெறுமனே போயிரக் கூடாதுல்ல தாயி, அதான் நேர்லயே போட்டேன்" என்றாள். "பாட்டுல இருக்கதும் நாந்தேன். எங்க ஊர்ப் பொங்கலுக்குப் படக்காரக வந்து மைக்க நீட்டுனாக. பேரத்தான் கேக்காமப் போயிட்டாக."